அளவும் உருக்கும்: கைக்கருவிகளின் வரலாறு காட்டும் பாடம்

கருவிகளைப் பற்றி எழுதுவது தமிழாசிரியனுக்குரிய பணியா என்று நண்பர் சிலர் ஐயுறக்கூடும். ஏட்டையும் எழுத்தாணியையும் போற்றிய நாம், சுத்தியலையும் குறட்டையும் போற்றி எழுதியது குறைவு. ஆயினும், எழுத்தாணியும் ஒரு கருவியே. அதனை அடித்துக் கொடுத்தவன் ஒரு கொல்லனே. கொல்லனின் உலை அணைந்திருந்தால் புலவனின் ஏடு வெறுமையாகவே கிடந்திருக்கும் என்பதை மறத்தல் ஆகாது.

இன்று நம் வீட்டு வாசல்தோறும் ஒரு மோட்டார் சைக்கிளோ காரோ நிற்கின்றது. நம் பள்ளிகளிலிருந்து வெளியேறும் மாணவருள் ஒரு பகுதியினர் வாகனப் பட்டறைகளையே தம் வாழ்வுக்குக் களமாகக் கொள்கின்றனர். அவர்களுள் பலர் முதன்முதலில் வாங்குவது ஒரு கருவிப் பெட்டி. அதனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பளபளப்பைப் பார்த்து வாங்குகின்றனர். எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகின்றனர். சில மாதங்களில் கருவி தேய்கின்றது, நட்டு உருள்கின்றது, கை கிழிகின்றது. பிறகு, "உனக்கு வேலை தெரியவில்லை" என்ற பழி மட்டும் எஞ்சுகின்றது.

நல்ல கருவி எது என்பதற்கு விடை கடைக்காரரிடம் இல்லை, வரலாற்றில் இருக்கின்றது. ஒரு சாதாரண ஸ்பேனர் இன்றைய வடிவத்தை அடைவதற்கு முன் இரண்டு பெரும் போராட்டங்கள் நிகழ்ந்தன. ஒன்று அளவுக்கான போராட்டம். மற்றொன்று உருக்குக்கான போராட்டம். இவ்விரண்டையும் அறிந்தவன் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாறான். இக்கட்டுரை சொல்ல விழைவதும் அதுவே.

மரைக்கு ஒரு முறை

போல்ட்டு ஒன்றையும் நட்டு ஒன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். எந்தக் கடையில் வாங்கினாலும், ஒரே அளவாயின் ஒன்றனுள் ஒன்று பொருந்திவிடும். இதனை இயல்பானதென்று நாம் கருதுகின்றோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது இயல்பானதாய் இல்லை. அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனத் தனி மரை வெட்டியது. ஓர் இயந்திரத்தைக் கழற்றினால், எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்கு உரியது என்று அடையாளமிட்டு வைக்க வேண்டியிருந்தது. நட்டு ஒன்று தொலைந்தால், அதனைச் செய்த பட்டறையையே தேடிச் செல்ல வேண்டும்.

இலண்டனில் பட்டறை நடத்திய ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரது பட்டறையில் பணியாற்றிப் பயின்றவர் ஜோசப் விட்வொர்த். 1803இல் பிறந்த இவர், பல பட்டறைகளின் மரைகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841இல் நாடு முழுமைக்கும் ஒரே மரை முறையை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்திற்கும் ஓர் இஞ்சுக்கு இத்தனை மரை என்பது விதி. பிரிட்டிஷ் தொழிலுலகம் அதனை ஏற்றது. பிரிட்டிஷ் ஆட்சி பரவிய இடமெல்லாம் அம்மரையும் பரவியது.

அமெரிக்கா வேறு வழி சென்றது. 1864இல் பிலடெல்பியா நகரின் வில்லியம் செல்லர்ஸ், 60 பாகைக் கோணமுடைய மரையை முன்மொழிந்தார். அதனை வெட்டுவது எளிது என்பது அவர் வாதம். ஐரோப்பியப் பெருநிலத்து நாடுகள் மெட்ரிக் அளவைப் பின்பற்றின. 1898இல் சூரிக் நகரில் கூடிய மாநாடு மில்லிமீட்டர் மரைக்கு ஒழுங்கு வகுத்தது. ஆக, 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது உலகில் மூன்று மரைக் குடும்பங்கள் இருந்தன. ஒன்றனுக்கு மற்றொன்று பொருந்தாது.

பொருந்தாமையின் விலை என்ன? 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால், வந்த வண்டிகளின் குழாய் இணைப்புகள் பல, அந்நகரின் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. மரை வேறு, அளவு வேறு. ஆள் இருந்தனர், நீரும் இருந்தது, இணைக்க முடியவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அளவு என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் இதே இடரைச் சந்தித்தன. ஒரு நாட்டின் நட்டு மற்ற நாட்டின் போல்ட்டில் ஏறவில்லை. அதன் விளைவாக, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றுபட்ட மரை முறையை ஏற்றுக் கையெழுத்திட்டன. பின்னர், படிப்படியாக மெட்ரிக் அளவே உலக வாகனத் தொழிலில் மேலோங்கியது.

இங்கு மாணவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பழைய விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 டபிள்யூ என்று பொறித்திருக்கும். அது ஸ்பேனர் வாயின் அகலம் அன்று. அது கழற்ற வேண்டிய போல்ட்டுத் தண்டின் விட்டம். வாயின் அகலமோ 0.525 இஞ்சு, அதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். பின்னர் வந்த ஏ.எஃப். என்னும் குறியுடைய ஸ்பேனர்களில், பொறித்த எண் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைக் குறிக்கும். அம்முறையில் 1/4 என்றால் 6.35 மில்லிமீட்டர்தான். பொறித்த எண் ஒன்றே; பொருள் இரண்டு. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதாது. எண்ணின் வரலாற்றையும் படிக்கத் தெரிய வேண்டும்.

உருக்கு கடந்த வழி

அளவு சரியாக இருந்தாலும், இரும்பு மெலிதானால் கருவி நில்லாது. ஆகவே, இரண்டாவது போராட்டம் உருக்கைப் பற்றியது. இதில் தமிழர்க்குப் பங்குண்டு என்பது நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்கது.

ஈரோட்டை அடுத்த கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகள் இருந்ததைக் காட்டின. மண்மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி, நெடுநேரம் சூடேற்றி உருக்கைப் பெறும் முறை தென்னிந்தியாவில் தழைத்திருந்தது. அந்த உருக்கை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்தனர். உக்கு, உருக்கு என்னும் தென்மொழிச் சொற்களோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவர் அறிஞர்.

1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் வூட்ஸ் உருக்கைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வுக் கட்டுரை அளித்தார். அதன் பின்னர், கத்தி செய்யும் தொழிலில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும், பிற்காலத்தில் மின்னியலால் புகழ்பெற்ற மைக்கேல் பாரடேயும் அதன் இரகசியத்தை அறிய முயன்றனர். 1819 முதல் 1822 வரை அவர்கள் உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் உள்ளிட்ட பல உலோகங்களைக் கலந்து சோதித்தனர். வூட்ஸ் உருக்கின் சிறப்புக்கு அவர்கள் கூறிய காரணம் பிழையானது. ஆனால், உருக்கோடு வேறோர் உலோகத்தைச் சிறிதளவு சேர்த்தால் அதன் குணம் மாறும் என்னும் எண்ணம் முறையான ஆய்வாக உருப்பெற்றது அச்சிறு உலையில்தான். நூறாண்டுக்குப் பின் ராபர்ட் ஹாட்பீல்டு என்னும் உருக்கறிஞர் பாரடேயின் பழைய மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து, 1931இல் நூலாக வெளியிட்டு, அம்முன்னோடியைப் போற்றினார்.

அதே இங்கிலாந்தில், ஷெபீல்டு நகரை அடுத்து, பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1740களில் மூசை உருக்கை ஆக்கியிருந்தார். கடிகார வில்லுக்கு நல்ல உருக்குக் கிடைக்காமையே அவரை அம்முயற்சியில் ஈடுபடுத்தியது. தரமான மூலப்பொருளை நாடிய ஒரு கைவினைஞனின் மனக்குறை, ஒரு நகரத்தையே உருக்கு நகரமாக்கியது.

வாகனம் பிறந்தபோது உருக்குக்குப் புதிய தேவை எழுந்தது. 1908இல் ஹென்றி போர்டு வெளியிட்ட மாடல் டி காரில், வனேடியம் கலந்த உருக்கு முதன்மையான பாகங்களுக்குப் பயன்பட்டது. எடை குறைந்தது, வலிமை மிகுந்தது. குரோமியமும் வனேடியமும் சேர்ந்த உருக்கு கைக்கருவிகளுக்கும் உரியதாயிற்று. இன்று நாம் ஸ்பேனரின் தண்டில் காணும் 'குரோம் வனேடியம்' என்ற பொறிப்பின் பின்னணி இதுவே. காற்றழுத்தத்தால் தட்டித் திருப்பும் இயந்திரத்திற்குரிய கருந்தலைகளுக்கோ குரோம் மாலிப்டினம் உருக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அது அதிர்ச்சியைத் தாங்கும்.

உருக்கின் பெயர் மட்டும் போதாது. அதற்கு ஊட்டிய பதமும் வேண்டும். காய்ச்சி உடனே குளிர்விக்கப்பட்ட உருக்கு மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதனை மீண்டும் மிதமாகச் சூடேற்றினால் கடினம் சற்றுக் குறைந்து உரம் ஏறும். அரத்திற்குக் கடினம் வேண்டும். ஸ்பேனருக்கு உரம் வேண்டும். நம் ஊர்க் கொல்லர் நிறம் பார்த்தே இந்தப் பதத்தை அறிந்தனர்.

ஐந்து பிடி, பத்துத் தலை

கருவியின் வடிவமும் இக்காலத்திலேயே செம்மையுற்றது. சுவீடன் நாட்டு எஞ்சோப்பிங் நகரில் பட்டறை நடத்திய யோஹான் பெட்டர் யோஹான்சன், 1890களின் தொடக்கத்தில், திருகினால் வாய் அகன்று குறுகும் ஸ்பேனரைச் செம்மைப்படுத்தினார். சென்ற இடமெல்லாம் வெவ்வேறு அளவுடைய நட்டுகளுக்காக ஒரு சுமை ஸ்பேனர்களைச் சுமந்து செல்ல வேண்டிய துன்பமே அவரை அதற்குத் தூண்டியது. அக்கருவி இன்றும் பயன்படுகின்றது. ஆயினும், அசையும் வாய் ஒருநாளும் அசையா வாயின் இறுக்கத்தைத் தாராது. அவசரத்திற்கு அது துணை; அன்றாட வேலைக்கு அன்று.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன் என்னும் இளைஞர் வேறு வழியைக் கண்டார். அதுவரை பெட்டி ஸ்பேனர் என்றால் பிடியும் தலையும் ஒன்றாய் இருந்தன. ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு வடிவத்திற்கும் தனிக் கருவி வேண்டும். தலையையும் பிடியையும் பிரித்து, வேண்டும்போது மாட்டிக் கொள்ளலாமே என்றார் ஜான்சன். அவர் பணிபுரிந்த நிறுவனம் அதனை ஏற்கவில்லை. 1920இல் அவர் நண்பர் வில்லியம் சைடமனுடன் சேர்ந்து ஸ்நேப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐந்து பிடிகள், பத்துத் தலைகள். ஐம்பது கருவிகளின் வேலையை அவை செய்தன. பத்தை ஐந்தால் பெருக்கினால் ஐம்பது. கணக்கு எளியது, ஆனால் அதனை முதலில் கண்டவர் தொழிலாளியின் சுமையை அறிந்தவர்.

ஜெர்மனியின் ரெம்ஷைடு நகரமும் கருவித் தொழிலில் பெயர் பெற்றது. 1868இல் ஹெர்மன் செர்வர் தொடங்கிய ஹாசெட் நிறுவனமும், 1919இல் டோவிடாட் சகோதரர் தொடங்கிய கெடோரே நிறுவனமும் அந்நகரில் தோன்றியவையே. ஜப்பானில், ஆணி அடிக்கும் கொல்லர் பலர் வாழ்ந்த சாஞ்சோ நகரம் பின்னர்க் கைக்கருவி நகரமாக வளர்ந்தது. இவ்வூர்களின் வரலாற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாவற்றிலும் கொல்லுலையே முன்னது, தொழிற்சாலை பின்னது.

இஞ்சும் மில்லிமீட்டரும் மோதிய இடம்

இனி, நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவின் இரயில் பாதைகளையும் தோட்டங்களையும் இயக்கிய பட்டறைகள் பிரிட்டிஷ் அளவையே பின்பற்றின. கோலாலம்பூர் செந்தூல் இரயில்வே பட்டறையில் தமிழர் பலர் பிட்டர்களாகவும் கொல்லர்களாகவும் உழைத்தனர் என்பது நாம் அறிந்த வரலாறு. தோட்டத்துப் பட்டறைகளிலும் நம்மவர் கையே எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அவ்வாறு கறை படிந்த கைகளுள் ஒன்று என் தந்தையாருடையது.

அவர் ஒரு தோட்டத்தில் லாரி பழுது பார்ப்பவராய் இருந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆயினும், தகரப் பெட்டியிலிருந்த ஸ்பேனர்களின் தண்டில் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடுகள் போட்டு வைத்திருந்தார். இரவில், விளக்கில்லாத சாலையில் லாரி நின்றுவிட்டாலும், விரலால் தடவியே தேவையான ஸ்பேனரை எடுத்துவிடுவார். பெட்டியில் டபிள்யூ குறியுடையவை சில, ஏ.எஃப். குறியுடையவை சில. எல்லாம் இஞ்சுக் குடும்பம்.

மலேசியாவில் எடை அளவைச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. கடையில் காத்தி போய்க் கிலோ வந்தது. சாலையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. அதே காலத்தில் தோட்டங்களில் பழைய பிரிட்டிஷ் லாரிகள் போய் ஜப்பானிய லாரிகள் வந்தன. எங்கள் தோட்டத்திற்கும் ஒன்று வந்தது. வண்டி புதியது, கருவிப் பெட்டி பழையது. புதிய ஸ்பேனர் வேண்டுமென்று தந்தையார் அலுவலகத்தில் கேட்டார். "இருப்பதை வைத்துச் செய்" என்பது விடை.

ஜப்பானிய வாகனங்களில் 10, 12, 14, 17 மில்லிமீட்டர்த் தலைகளே மிகுதி. 12 மில்லிமீட்டர்த் தலையைக் கழற்ற, அவரிடம் இருந்த 7/16 இஞ்சு ஸ்பேனரின் வாய் 11.11 மில்லிமீட்டர், அது நுழையாது. அடுத்தது அரை இஞ்சு. அதன் வாய் 12.7 மில்லிமீட்டர். நுழையும், ஆனால் 0.7 மில்லிமீட்டர் ஆடும். அந்த இடைவெளியில் தகரத் துண்டு ஒன்றை மடித்துச் செருகி, அவர் வேலை செய்தார். ஒருநாள் தகரம் நழுவியது. ஸ்பேனர் போல்ட்டின் முனைகளை வழித்துக்கொண்டு சுழன்றது. அவரது கை ரேடியேட்டர் விளிம்பில் மோதியது. விரல் மூட்டுகள் மூன்றில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. அப்போது எனக்கு வயது பத்து. கிணற்றடியில் அம்மா தண்ணீர் ஊற்ற, அவர் பல்லைக் கடித்துக் கொண்டு நின்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

உருண்டுபோன போல்ட்டை உளி வைத்து வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தில், 'போல்ட்டைக் கெடுத்தவன்' என்ற பெயர் அவருக்கே வந்தது. அதைவிடக் கொடியது, அவரும் அப்படியே நம்பியதுதான். "கை தவறிப் போச்சு, தம்பி" என்றே என்னிடம் சொன்னார். கை தவறவில்லை. அளவு தவறியது. 12.7இலிருந்து 12ஐக் கழித்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

சில மாதம் சேர்த்து வைத்த பணத்தோடு அவர் பட்டணத்து இரும்புக் கடைக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். அவரது சட்டைப் பையில், எண்ணெய் துடைத்த புதிய போல்ட்டுகள் சில இருந்தன. கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு ஸ்பேனரையும் அவர் போல்ட்டில் மாட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் உயர்த்தி இடைவெளியைப் பார்த்தார். விலை குறைந்தவற்றைத் தள்ளி வைத்தார். முடிவில் 10க்கு 12, 14க்கு 17 என இரட்டை வாய் ஸ்பேனர் இரண்டே இரண்டு வாங்கினார். அன்று அவர் செய்தது ஒரு முழுமையான ஆய்வு என்பதை நான் ஆசிரியர்ப் பயிற்சி பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

1985இல் நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. அது மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் உருவானது. ஆகவே, அதிலும் ஜப்பானிய அளவுகளே. தந்தையார் வாங்கிய அந்த இரண்டு ஸ்பேனர்களும் அக்காரின் பெரும்பகுதியைக் கழற்றப் போதுமானவையாய் இருந்தன.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து மாணவர் பெற வேண்டிய நெறிகளை இனித் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, வாகனத்தை அறிந்து கருவியை வாங்க வேண்டும். ஜப்பானிய வண்டியில் 12உம் 14உம் மிகுதி. ஜெர்மானிய வண்டியில் 13உம் மிகுதியாக வரும். இஞ்சையும் மில்லிமீட்டரையும் கலக்கலாகாது. 3/4 இஞ்சு என்பது 19.05 மில்லிமீட்டர், அது 19க்கு ஏறத்தாழ ஒக்கும். 5/16 இஞ்சு 7.94 மில்லிமீட்டர், அதில் 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். ஆனால் 9/16 இஞ்சு 14.29 மில்லிமீட்டர், 14 நுழையாது, 15 ஆடும். ஒப்பன எவை, ஒவ்வாதன எவை என்பதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் ஒட்டி வைத்தல் நன்று. ஐந்தாம் ஆண்டு மாணவனும் 25.4ஆல் பெருக்கி இதனைச் செய்யலாம்.

இரண்டாவது, பொருத்தத்தைச் சோதிக்க வேண்டும். புதிய போல்ட்டு ஒன்றைப் பையில் எடுத்துச் செல்க. ஸ்பேனரின் இரு தாடைகளும் இணையாக இருக்க வேண்டும். மாட்டியபின் ஆட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இடைவெளி மிகுந்தால் விசை முழுவதும் நட்டின் முனைகளில் விழும், முனை மழுங்கும். வளைய ஸ்பேனர் ஆறு முனைகளையும் பற்றும். திறந்த வாய் இரு பக்கங்களை மட்டுமே பற்றும். ஆகவே, இறுகிய நட்டைத் தளர்த்த வளையம். தளர்ந்ததை விரைந்து கழற்றத் திறந்த வாய். இரண்டும் ஒரே தண்டில் அமைந்த ஸ்பேனர் தொடக்கத்திற்குச் சிறந்தது.

மூன்றாவது, உருக்கைப் பார்க்க வேண்டும், முலாமைப் பார்க்கலாகாது. குரோம் முலாம் துருவைத் தடுக்கும், வலிமையைத் தாராது. முலாம் குமிழியிட்டிருந்தாலும் உரிந்திருந்தாலும் அக்கருவியைத் தவிர்க்க. உரிந்த முலாம் கத்திபோல் விரலை அறுக்கும். அச்சில் வைத்து அடித்து உருவாக்கிய கருவி மெலிதாக இருந்தும் வலிமை வாய்ந்தது. அச்சில் வார்த்த மலிவான கருவி தடித்திருந்தும் முறியும். 'குரோம் வனேடியம்' என்ற பொறிப்பு எந்த இரும்பிலும் பொறிக்கத்தக்கது. ஆகவே, செய்தவர் தம் பெயரையும் அளவையும் தெளிவாகப் பொறித்து, உடைந்தால் மாற்றித் தரும் பொறுப்பையும் ஏற்கின்றாரா என்று கேட்க வேண்டும். பெயர் போட அஞ்சுகின்றவன் செய்த பொருளை நாம் ஏன் நம்ப வேண்டும்?

நான்காவது, எண்ணிக்கையில் மயங்கலாகாது. நூறு உருப்படி கொண்ட மலிவுப் பெட்டியில் பாதிக்கு மேல் ஒருநாளும் பயன்படாதவை. முதலில் தேவையான ஏழெட்டு ஸ்பேனர்கள், ஒரு பிடியோடு சில தலைகள், ஒரு நல்ல குறடு, இரண்டு மூன்று திருப்புளிகள் போதும். மற்றவற்றைத் தேவை எழும்போது ஒவ்வொன்றாய்ச் சேர்க்கலாம்.

திருப்புளியிலும் ஏமாற்றம் உண்டு. சிலுவை வடிவத் தலையுடைய திருகாணியை 1930களில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் பரப்பினார். 1936இல் அது கார்த் தொழிற்சாலைக்கு வந்தது. ஜப்பானியர் தம் தர முறையில் அதனைச் சற்றே வேறாக அமைத்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பிலிப்ஸ் திருப்புளியைப் பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் திருகாணியில் அழுத்தித் திருப்பினால், அது வெளியே ஏறித் தலையைச் சிதைக்கும். வண்டி எங்கே பிறந்தது என்று கேட்பது இங்கும் பயன்படும்.

ஐந்தாவது, கருவியை அதன் எல்லைக்குள் பயன்படுத்த வேண்டும். ஸ்பேனர் சிறிதாயின் அதன் தண்டும் குட்டையாக இருக்கும். சிறிய போல்ட்டுக்கு அவ்வளவு விசையே போதும் என்று கணக்கிட்டே அதனை அவ்வாறு செய்துள்ளனர். அதன் நுனியில் குழாயைச் செருகி நீட்டித் திருப்புகின்றவன், கருவியையும் போல்ட்டையும் தன் கையையும் ஒருங்கே பணயம் வைக்கின்றான். கைப்பிடிக்குரிய பளபளப்பான தலையைக் காற்றழுத்த இயந்திரத்தில் மாட்டுதலும் அத்தகையதே. அது சிதறிக் கண்ணைக் கெடுக்கும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

கைத்தொழிலுக்குப் போகின்ற மாணவனை, 'படிக்காதவன்' என்று ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடம் இன்னும் மறையவில்லை. படிப்பு வராவிட்டால் பட்டறைக்குப் போ என்று நாமே சொல்லியிருக்கின்றோம். அச்சொல்லை நானும் ஒரு காலத்தில் சொல்லியவனே. அதனை எண்ணி வருந்துகின்றேன். பட்டறைக்குப் போகின்றவனுக்குப் பின்னமும் வேண்டும், தசமமும் வேண்டும், உலோகத்தின் இயல்பும் வேண்டும், பொறித்ததைப் படித்துப் பொருளறியும் திறனும் வேண்டும். இவையெல்லாம் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கற்பிக்கத்தக்கவை. மரை, திருப்புளி, குறடு, அரம், உளி, சம்மட்டி, பட்டடை என நமக்குச் சொற்கள் இருக்கின்றன. ஸ்பேனரையும் நட்டையும் அப்படியே ஏற்றுக் கொண்டாலும் குறையொன்றுமில்லை. சொல்லைத் தேடுவதில் காட்டும் ஆர்வத்தைப் பொருளை அறிவதிலும் காட்டுவோம்.

வாழ்வியல் திறன் பாடம் கற்பித்த நாள்களில், தந்தையாரின் 10க்கு 12 ஸ்பேனரை வகுப்புக்குக் கொண்டு செல்வேன். அரை இஞ்சு ஸ்பேனர் ஒன்றையும் 12 மில்லிமீட்டர்ப் போல்ட்டு ஒன்றையும் உடன் வைப்பேன். முதலில் மாணவர் பெரியதை மாட்டி ஆட்டிப் பார்ப்பர். பிறகு தந்தையாருடையதை மாட்டுவர். "இது ஆடவே இல்லை, சார்" என்பார்கள். ஏன் என்று கேட்டால், கரும்பலகைக்கு வந்து 12.7இலிருந்து 12ஐக் கழித்துக் காட்டுவார்கள். ஒரு மதிப்பெண் கணக்கு அது. என் தந்தையாரின் மூன்று விரல் தழும்புகளுக்கும் காரணம் அந்தக் கழித்தலில்தான் இருந்தது.

அளவை அறிந்து, உருக்கை அறிந்து, பின் கருவியை வாங்குக என்று நம் மாணவர்க்குச் சொல்லுவோம். கை தவறியதென்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் தொழிலாளர் தலைமுறை அவரோடு முடியட்டும்.